அம்மாவின் இன்சுலின் பாட்டில்

போன சித்திரையில் பத்து நாளாக அம்மாவின் சுகர் இறங்கவே இல்லை. வெறும் வயிற்றில் 140 என்று இருந்தது 260 வரை போய்விட்டது. போனில், "மாம்பழம் சாப்பிட்டீங்களாம்மா?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

"இல்ல கண்ணு. ஊசியும் நேரத்துக்குப் போட்டுக்கறேன். மருந்த பிரிட்ஜுலதான் வெச்சிருக்கறேன்" என்றார்.

சனிக்கிழமை அம்மா இருக்கும் கோபி ஊருக்குப் போனேன். பழைய ஒற்றைக் கதவு பிரிட்ஜ். ஃப்ரீசர் பெட்டிக்கு நேர் கீழே, பின்சுவரை ஒட்டி பாட்டில் நின்றது. பக்கத்துத் தயிர்க் கிண்ணத்தின் ஓரத்தில் ஐஸ். அம்மாவுடையது 30/70 கலவை, அதாவது வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்த இன்சுலின். உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டினால் பால் போல ஒரே சீராக வரவேண்டும். எவ்வளவு உருட்டியும் வெள்ளைத் துகள்கள் கண்ணாடியில் ஒட்டியே இருந்தன. உறைந்து இளகிய மருந்து. அப்படி ஒருமுறை உறைந்துவிட்டால் பிறகு அதைப் போடவே கூடாது.

வெயிலில் கெடும் என்று அம்மாவுக்குத் தெரியும். குளிரிலும் கெடும் என்று மருந்துக் கடையில் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இன்சுலின் ஒரு பெப்டைடு, அதாவது சின்னப் புரதம்: 51 அமினோ அமிலங்கள், 21-ம் 30-மாக இரண்டு சங்கிலிகள். விழுங்கினால் பருப்பைப் போல வயிறு அதையும் செரித்துவிடும், அதனால்தான் ஊசி. சங்கிலிகள் மடிந்திருக்கும் விதம் குலைந்தால் மருந்தின் வேலையும் போச்சு.

விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருந்தாலும் பாதி பாட்டிலைத் தூக்கிப்போட அம்மாவுக்கு மனசு வரவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டு அண்ணன், "என் இன்சுலின் பேனாவுல இருந்து கொஞ்சம் எடுத்துக்கங்க" என்று கொண்டுவந்தார். நல்ல மனசு. ஆனால் பயந்துவிட்டேன். அம்மாவின் பாட்டிலில் மில்லிக்கு 40 யூனிட், சிவப்பு மூடி ஊசி அதற்குத் தக்கது. பேனா மருந்தில் மில்லிக்கு 100 யூனிட். அதே ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இரவில் சுகர் இறங்கி மயங்கிக் கிடந்தால் யார் பார்ப்பது?

புது பாட்டில் வாங்கினோம். பிரிக்காதது 2 முதல் 8 டிகிரியில், பிரிட்ஜின் கதவுப் பக்கம். பிரித்ததைப் பொதுவாக 4 வாரம் வெளியில் வைக்கலாம், 30 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால். சித்திரையில் கோபியில் எந்த அறை அப்படி இருக்கும்? அதனால் பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டி, நடுவில் ஈர மணல். உள்ளே வெப்பமானி வைத்துப் பார்த்தேன், மதியம் 27. பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி, பிரித்த தேதியை எழுதினேன்.

நாலாம் நாள் 150. இப்போது போன் செய்தால் நான் முதலில் கேட்பது, "சட்டிக்குத் தண்ணி ஊத்திட்டீங்களாம்மா?"