வெட்ட வந்தவரிடம் கேட்ட காகிதம்

காட்பாடிப் பக்கம் எங்கள் தெருவை ஒட்டி ஓர் அரசு வளாகம் இருக்கிறது. பழைய ஓட்டுக் கட்டடம், சுற்றிலும் ஒன்பது மரங்கள். நாலு வேம்பு, மூணு புங்கை, ஒரு புளி, ஒரு அரச மரம். புதுக் கட்டடம் வரப்போகிறது என்று தெரியும். மரங்கள் போகும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் ரம்பச் சத்தம் கேட்டு ஓடினோம். அதற்குள் ஒரு புங்கை சாய்ந்துவிட்டது. பூக்கும் பருவம். மண்ணெல்லாம் பொரி இறைத்த மாதிரி பூ.

கூழ் விற்கும் ஆயா நேராகப் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். "முப்பது வருசமா இதாண்ட குந்திகினு கீறேன் நைனா. என்னத் தூக்கிப் போட்டுட்டு வெட்டு." அவரைச் சுற்றி நாங்களும் நின்றோம். ஒப்பந்ததாரர் கத்தினார். தெரிந்த வக்கீல் போனில் சொன்னதை வைத்து நான் ஒன்றுதான் கேட்டேன்: "மரம் வெட்ட பசுமைக் குழு அனுமதி எங்கே?" அவர் நீட்டியது கட்டுமானப் பணி ஆணை. அதில் மரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பொது இடத்து மரம் என்றால் கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். அன்றைக்கு வேலை நின்றது.

அப்புறம்தான் உண்மையான வேலை. ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, நெஞ்சுயரத்தில் சுற்றளவு எடுத்து, போட்டோவுடன் மனு எழுதினோம். திங்கட்கிழமை வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிற கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்வு நாளில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டோம். அது முக்கியம், விட்டுவிடாதீர்கள். கூடவே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மர அனுமதி நகலும் கட்டட வரைபடமும் கேட்டோம். 30 நாளில் பதில் தர வேண்டும். 27ஆம் நாள் வந்தது. அனுமதிக் கோப்பு எதுவும் இல்லையாம்.

வரைபடத்தை விரித்தபோதுதான் வயிறு எரிந்தது. மீதி எட்டு மரங்களில் அஸ்திவாரத்தில் வருவது அரச மரமும் ஒரு வேம்பும் மட்டும். புளி கேட் ஓரம். மற்ற ஐந்தும் வண்டி நிறுத்தும் இடம். மரத்தை வெட்டிவிட்டு, அதே இடத்தில் வண்டிகளுக்குத் தகரக் கூரை போடத் திட்டம்! கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில்.

வனத்துறை, வருவாய்த்துறை ஆட்கள் வந்து டேப் பிடித்து அளந்தார்கள். தகரக் கூரையைக் கைவிட்டார்கள். வேம்பைக் காப்பாற்ற முடியவில்லை. அரச மரத்தைக் கிளை கழித்து, வெட்டுவாயில் சாணி பூசி, வேர் மண்ணோடு ஈரச்சாக்கு சுற்றி, கிரேனில் தூக்கி மதில் ஓரம் நட்டார்கள். வெறும் கட்டையாக நின்ற அதற்கு, கூழ்ப்பானை கழுவும் தண்ணீரைத் தினமும் ஆயாதான் ஊற்றினார். ஐந்தாவது வாரம் அடிக்கவட்டில் செம்பு நிறத்தில் ஒரு துளிர். என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினார்.