ஏழையோட பசி தெரியணும்னு மட்டும் தானா நோன்பு?

ரமலான் வந்தாலே நம்மகிட்ட ஒரே பதில் தான் ரெடியா இருக்கும். மத்த மதத்து ஃப்ரெண்ட்ஸ் யாராவது ஏன்பா நோன்பு வைக்கிறீங்கன்னு கேட்டா, ஏழைங்க பசி நமக்கும் தெரியணும்ல அதுக்குத்தான்னு டக்குனு சொல்லிருவோம். தப்புன்னு சொல்ல வரல, ஆனா எனக்கு இந்த பதில் பத்தவே மாட்டேங்குது. ஏன்னா ஏழைக்கும் தானே நோன்பு கடமை, அவருக்கு போய் பசின்னா என்னன்னு யார் கத்துக்கொடுக்கணும்? அதுவும் போக நம்ம பசிக்கு ஒரு டைம் இருக்கு, மக்ரிப் பாங்கு (சூரியன் மறைஞ்சதும் வர்ற தொழுகை அழைப்பு) சொன்னா முன்னாடி சாப்பாடு இருக்கும்னு தெரிஞ்சே தான் பட்டினி கிடக்கோம், இல்லாதவருக்கு அப்படி எதுவும் கிடையாது. குர்ஆன்ல (2:183) சொல்ற காரணமும் இறையச்சம் தான்.

அப்போ நோன்பால சமூகத்துக்கு என்ன பிரயோஜனம்னு கேட்டா, நான் பசிய காட்ட மாட்டேன், நோன்போட சட்டங்கள காட்டுவேன். நோயாளியும் பயணியும் பின்னாடி வேற நாள்ல நோன்பு வச்சுக்கலாம். வைக்கவே முடியாத வயசானவங்க, இனி குணமாகாதுன்ற நிலைமைல உள்ளவங்க, ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்கு சாப்பாடு கொடுக்கணும், அதான் ஃபித்யா. சத்தியம் பண்ணி முறிச்சவங்களுக்கு இது அப்படியே தலைகீழா வருது பாருங்க (5:89), 10 ஏழைங்களுக்கு சாப்பாடு இல்ல உடுப்பு கொடுக்கணும், இல்லன்னா ஒரு அடிமைய விடுதலை பண்ணணும், எதுக்குமே வசதி இல்லன்னா தான் 3 நாள் நோன்பு. அதாவது நோன்பு முடியலயா சாப்பாடு போடு, சாப்பாடு போட முடியலயா நோன்பு வை. யார் தப்பு பண்ணாலும் யாரால முடியாம போனாலும் கடைசில இன்னொருத்தர் வீட்டு அடுப்பு எரியுற மாதிரி தான் இத அமைச்சிருக்கு.

புகாரின்ற ஹதீஸ் தொகுப்புல (நபியவங்களோட சொல், செயல் பத்தின பதிவுகள்) வர்ற ஒரு சம்பவம் எனக்கு ரொம்ப பிடிக்கும். நோன்பு வச்சிருக்கும்போதே மனைவிகிட்ட சேர்ந்துட்டேன், நான் அழிஞ்சேன்னு ஒருத்தர் நபி (ஸல்) அவங்ககிட்ட வர்றார். அடிமைய விடுதலை பண்ண முடியுமா, முடியாது. 2 மாசம் தொடர்ந்து நோன்பு, முடியாது. 60 ஏழைங்களுக்கு சாப்பாடு, அதுவும் முடியாது. அந்த நேரம் பார்த்து ஒரு கூடை பேரீச்சம்பழம் வருது, இத கொண்டுபோய் தர்மம் பண்ணுன்னு அவர்கிட்டயே கொடுக்குறாங்க. அவர் என்ன சொல்றார்னா, மதீனாவுக்குள்ள எங்க குடும்பத்த விட ஏழை யாரு இருக்கா! நபியவங்க பல் தெரிய சிரிச்சுட்டு, அப்போ உன் வீட்டுக்கே கொடுன்னு சொல்லிட்டாங்க. பரிகாரம் கேட்டு வந்தவர் கூடையோட வீட்டுக்கு போறார்.

கூட்டமா சேர்ந்து நோன்பு திறக்குறதும் இந்த லைன்ல தான் வருது. நோன்பாளிக்கு உணவு கொடுத்தா அவருக்கு அல்லாஹ் தர்ற கூலில எதுவும் குறையாம கொடுத்தவருக்கும் அதே கூலின்னு திர்மிதின்ற இன்னொரு தொகுப்புல ஹதீஸ் இருக்கு, அதனால தான் வாங்குறவர் கூச்சப்பட வேண்டியதே இல்ல, கொடுக்குறவருக்கு தான் அவர் தேவை. முதலாளியும் வேலைக்காரரும் ஒரே நிமிஷத்துக்காக காத்திருக்குறதெல்லாம் வேற எங்கயும் அவ்வளவா நடக்காது. ஆனா இஃப்தார்னு பேர் வச்சு வசதியானவங்களே வசதியானவங்கள கூப்பிட்டு பாதி சாப்பாட்ட வீணாக்குறாங்கல்ல, அதுல எந்த சமூக நன்மை இருக்குன்னு எனக்கு புரியல. இன்னொண்ணு, நாம பாங்குக்கு உட்கார்ந்திருக்கும்போது அதே நோன்போட அடுப்படில நிக்கிறது யாரு? நபியவங்க வீட்டு வேலைல கூடமாட இருப்பாங்கன்னு அவங்க மனைவி ஆயிஷா (ரலி) சொன்னது ரமலானுக்கு மட்டும் லீவா என்ன.

சண்டைக்கு யாராவது வந்தா நான் நோன்பாளின்னு சொல்லிட்டு ஒதுங்கணும்னு ஹதீஸ்ல சொல்லிருக்கு, பொய்ய விடாதவர் சாப்பாட்ட விடுறது அல்லாஹ்வுக்கு தேவையே இல்லன்னும் இருக்கு. வாட்ஸ்அப் குடும்ப குரூப்ல இந்த ஒரு மாசம் இத கடைப்பிடிச்சாலே போதும்.

எனக்கு எல்லாத்துலயும் பெரிசா படுறது ஃபித்ரா, அதாவது நோன்பு மாசம் முடிஞ்சு வர்ற பெருநாளுக்காக ஏழைங்களுக்கு கொடுக்குற கட்டாய தர்மம். வீட்டுல உள்ள ஒவ்வொரு தலைக்கும், சின்ன குழந்தை உட்பட, ஒரு ஸாஉ அளவு உணவு, அதாவது சராசரி ஆளோட ரெண்டு கையும் சேர்த்து 4 தடவ அள்ளுற அளவு. ஹனஃபி மத்ஹப்ல (மத்ஹப்னா சட்டப் பிரிவு) நிஸாப் அளவு, அதாவது சட்டம் வகுத்த குறைந்தபட்ச சொத்து அளவு வசதி இருந்தா தான் கடமை, ஆனா ஷாஃபி மத்ஹப்ல பெருநாள் பகலுக்கும் ராத்திரிக்கும் தேவையானது போக மிச்சம் இருந்தாலே கடமை. அதனால ஒரு ஏழை ஒரு கைல ஃபித்ரா வாங்கிட்டு இன்னொரு கையால தன்னோட ஃபித்ராவ கொடுக்குறதும் நடக்கும், வருஷம் பூரா வாங்குறவராவே இருக்குறவர் அன்னைக்கு கொடுக்குறவரும் ஆகிடுறார். பெருநாள் அன்னைக்கு நோன்பு வைக்கிறதே ஹராம் (தடை), எல்லாரும் சாப்பிட்டே ஆகணும், அதனால தான் பெருநாள் தொழுகைக்கு முன்னாடியே இது போய் சேரணும்னு கண்டிஷன். ஆனா தொழுகைக்கு கிளம்புற அவசரத்துல வாசல்ல நின்னு கொடுத்தா அவங்க எப்போ சமைக்கிறது? சஹாபாக்கள் (நபித்தோழர்கள்) ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடியே கொடுத்துட்டு இருந்தாங்கன்னு புகாரில இருக்கு, நாமளும் அப்படியே கொடுத்துடலாம்.