கையை உற்றுப் பார்த்த பத்து மாதங்கள்

முதல்முறை வந்தது கை கழுவும்போது. தண்ணீர் விழுகிறது, சோப்பு நுரைக்கிறது, இரண்டு கைகளும் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்கின்றன. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அவை என் கைகள் என்கிற ஒட்டுதல் மட்டும் காணாமல் போயிருந்தது. தண்ணீர் சில்லென்று இருப்பது தெரிந்தது; அந்தச் சில்லிப்பு வேறு யாருக்கோ. துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், உட்கார்ந்திருந்த அக்காவின் முகம் தட்டையாக, ஒட்டிவைத்த படம் மாதிரி இருந்தது. ஏதோ கேட்டாள். சரியான பதில்தான் சொன்னேன். ஆனால் குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள். "தூக்கம் சரியில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சின்ன வயதிலிருந்தே நான் அடிக்கடி எங்கேயோ போய்விடும் ஆள்தான். புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் பயம் இல்லை. மனசு ஒரு நினைப்பின் பின்னால் போயிருக்கும், பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பி வந்துவிடும். இது அப்படி இல்லை. நான் எங்கேயும் போகவில்லை. இங்கேயேதான் இருந்தேன். இங்கே இருப்பதாகத் தோன்றாததுதான் பிரச்சினை. இந்த வித்தியாசத்தை வார்த்தையில் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆனது.

அந்த நான்கு மாதமும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூளை கலங்கப் போகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். வாரத்துக்கு ஒருமுறை வந்தது தினமும் வர ஆரம்பித்தது, பிறகு ஒரு நாளில் பல தடவை. காலையில் கண் விழித்ததும் முதல் வேலை, கையைத் தூக்கி உற்றுப் பார்ப்பது: இன்றைக்கு என் கையாக இருக்கிறதா? கண்ணாடி முன்னால் நின்று என் பேரை மெதுவாகச் சொல்லிப் பார்ப்பது. எதிரில் பேசுகிறவரின் முகம் நிஜமாகத் தெரிகிறதா என்று சோதிப்பது, அதனால் அவர் சொன்னதில் பாதியைத் தவறவிடுவது.

முதலில் பார்த்த மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 எல்லாம் சரியாக இருந்தன. "ரெஸ்ட் எடுங்க, எதையும் ரொம்ப யோசிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார். நியாயமாகப் பார்த்தால், நானும் அவரிடம் "தலை ஒரு மாதிரியா இருக்கு" என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. அன்றிரவு ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன். மூன்று வாரத்தில் அந்த நோட்டு எனக்கே ஒன்றைக் காட்டியது: ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய ஒவ்வொரு நாளிலும் அது வந்திருந்தது.

அடுத்து நரம்பியல் மருத்துவர். அவர் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி. அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால் காதில் விழுமா? முடிந்த பிறகு நடந்தது ஞாபகம் இருக்குமா? கண் படபடக்கிறதா, வாய் மெல்லுவது போல அசைகிறதா, கையில் இருப்பது நழுவி விழுகிறதா? கூட வந்திருந்த அக்காவிடமும் தனியாகக் கேட்டார். வலிப்பு நோயில் ஒரு வகை, சில நொடிகள் ஆளை அப்படியே வெறித்துப் பார்க்க வைத்துவிடும். முடிந்த பிறகு அந்த நொடிகள் நினைவிலேயே இருக்காது. எனக்கோ ஒவ்வொரு நொடியும் தேவைக்கு அதிகமாகவே ஞாபகம் இருந்தது. இருந்தாலும் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

மண்டை முழுக்கப் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். கண்ணை மூடச் சொல்லி விளக்கை மினுக்கினார்கள். அப்புறம் மூன்று நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சு விடச் சொன்னார்கள். இரண்டாவது நிமிடத்தில் விரல் நுனிகள் மரத்தன, உதடு குறுகுறுத்தது. அறை தள்ளிப் போனது. அதே உணர்வு, அச்சு அசல்! பதறிப்போய்ச் சொன்னேன். டெக்னீஷியன் அம்மா நிதானமாக, "அப்படியே மூச்சு விடுங்க, குறிச்சுக்கறேன்" என்றார். மூச்சு சீரானதும் ஒன்றிரண்டு நிமிடத்தில் அறை பழைய இடத்துக்கு வந்தது.

அறிக்கையில் வலிப்புக்கான அறிகுறி எதுவும் இல்லை. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அதனால் உலகம் விலகினாற்போலத் தோன்றலாம் என்று மருத்துவர் விளக்கினார். ஐந்து மாதமாக நான் பயந்து நடுங்கிய ஒன்று, வெறும் மூச்சால் வரவும் முடியும், போகவும் முடியும். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

பேர் வைத்துச் சொன்னவர் மனநல மருத்துவர். தன்னிடமிருந்தே விலகி நிற்பதுபோல இருந்தால் டீபர்சனலைசேஷன். சுற்றியிருப்பது நிஜமில்லாததுபோல இருந்தால் டீரியலைசேஷன். முதல் சொல்லை 1898-லேயே பிரெஞ்சுக்காரர் லுடோவிக் டுகா இந்த அர்த்தத்தில் எழுதிவிட்டார். 2013-ல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாடு இரண்டையும் ஒரே கோளாறாகச் சேர்த்தது. தூக்கம் கெட்டால், கடும் பதற்றத்தில், அதிர்ச்சியில், கஞ்சா புகைத்தால் கொஞ்ச நேரம் இப்படி ஆவது நிறையப் பேருக்கு உண்டு; விடாமல் தொடர்ந்து வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்குப் போவது ஏறக்குறைய நூற்றில் 2 பேருக்கு. "நிஜமில்லாத மாதிரி இருக்குன்னு சொல்றீங்க. நிஜமில்லைன்னு சொல்லலை. அந்த 'மாதிரி' இருக்கிற வரைக்கும் புத்தி பேதலிக்கலைன்னு அர்த்தம்" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் பல இரவுகளைக் கடந்திருக்கிறேன்.

இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை கிடையாது. பதற்றத்துக்கு ஒன்றைக் கொஞ்ச நாள் கொடுத்தார், கூடவே உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். ஆலோசகர் முதல் வாரமே கை வைத்தது என் சோதனைப் பழக்கத்தில். ஒரு நாளில் எத்தனை தடவை கையைப் பார்க்கிறேன் என்று எண்ணச் சொன்னார். நாற்பத்தொன்று. "எந்தக் கையையும் இத்தனை தடவை உத்துப் பார்த்தா அந்நியமாத்தான் தெரியும்" என்றார். ஒரே வார்த்தையை நூறு தடவை சொன்னால் அர்த்தம் கழன்று வெறும் சத்தமாகிவிடுமே, அப்படி.

அதன் பிறகு செய்தது இதற்கு நேர் எதிர். அவர் எதிரிலேயே உட்கார்ந்து வேகமாக மூச்சு விட்டு, வேண்டுமென்றே அந்த உணர்வை வரவழைப்போம். வந்ததும் விரட்டக் கூடாது, சோதிக்கவும் கூடாது. சும்மா பேசிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது துணி மடிக்க வேண்டும். முதல் இரண்டு தடவை எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. ஐந்தாவது தடவையில் சலிப்புத் தட்டியது. சலிப்பு வந்ததைச் சொன்னபோது ஆலோசகர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள், தொட்டு உணரும் நான்கு என்று எண்ணும் பயிற்சியைப் பலர் பரிந்துரைப்பார்கள். பலருக்குக் கைகொடுக்கிறது. எனக்கு அது இன்னொரு சோதனையாக மாறிவிட்டது, அதனால் விட்டுவிட்டேன். எனக்கு உதவியது பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு, செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர்வது. இரவு பதினொன்றுக்குள் படுப்பது. ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி வைப்பது. இதைப் படிக்கும் உங்களுக்கு இடையில் நினைவே தப்புகிறது, நடந்தது ஞாபகம் இல்லை, கூப்பிட்டால் காதில் விழுவதில்லை என்றால் என் கதையோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

பத்தாவது மாதத்தில் நோட்டில் எழுதுவதை நிறுத்தினேன். எழுத மறந்துபோன நாட்கள்தான் அதிகமாகிக்கொண்டு வந்தன. இன்னமும் எப்போதாவது வரும். போன வாரம் அக்காவோடு போனில் பேசும்போது வந்தது. அவள் குரல் சட்டென்று தொலைவுக்குப் போனது.

"கொஞ்சம் தள்ளிப் போச்சுக்கா" என்றேன்.

"சரி, போகட்டும். அப்புறம் அந்தப் பொண்ணு என்ன சொன்னா?" என்றாள்.

நான் கதையை விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.