குறிப்பில் இல்லாத வலி

தென்கிழக்கு லண்டனில் 14 வருடமாக மருத்துவச்சியாக வேலை செய்கிறேன். எங்களிடம் பிள்ளை பெற வருகிறவர்களில் நிறையப் பேர் நைஜீரியா, கானா, சியரா லியோன், ஜமேக்கா வழிவந்த கறுப்பினப் பெண்கள். இத்தனை வருடத்தில் நான் விட்ட பிழைகளில் ஒன்று மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அது ஓர் இரவு வேலை. பிரசவ அறையிலிருந்து வார்டுக்கு வந்து மூன்று மணித்தியாலம் ஆகியிருந்த ஒரு தாய், கானா குடும்பத்தைச் சேர்ந்தவர். முதல் பிள்ளை, ஆயுதம் போட்டு எடுத்தது. மணியை அழுத்திக் கூப்பிட்டார், போனேன். "பின்பக்கம் உள்ளுக்குள் ஏதோ அழுத்துகிறது. இது தையல் வலி இல்லை" என்றார். குரல் உயரவில்லை. தையலைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. இரத்தப்போக்கும் வழக்கமான அளவுதான். நாடி 98. முதல் பிள்ளை, அதுவும் ஆயுதப் பிரசவம், வலிக்கத்தானே செய்யும் என்று பரசிட்டமோலும் ஐபுபுரூஃபனும் கொடுத்தேன். "தையல் வலி. மாத்திரை கொடுக்கப்பட்டது. தாய் சௌகரியமாக இருக்கிறார்" என்று குறிப்பில் எழுதினேன்.

சௌகரியமாக இருப்பதாக அவர் சொல்லவே இல்லை. அந்தச் சொல் என்னுடையது.

மறுபடி அவரிடம் போனபோது இரண்டு மணித்தியாலம் கடந்திருந்தது. ஒரு பக்கமாகச் சரிந்து படுத்திருந்தார். நெற்றி நனைந்திருந்தது. நாடி 128.

பிறப்புப் பாதையின் சுவருக்குள் ஒரு குருதிக்குழாய் கிழிந்தால் இரத்தம் வெளியே வராமல் போகலாம். அந்த இடத்துத் தசையும் இழையமும் தளர்வானவை, உள்ளுக்குள்ளேயே லீட்டர் கணக்கில் தேங்கும். வெளித்தையல் ஒழுங்காக இருக்கும், துணியில் இரத்தம் இருக்காது. இளம் தாய்மாருக்கு இரத்த அழுத்தமும் கடைசி மட்டும் இறங்காமல் நிற்கும். முதலில் தெரியும் அறிகுறி பல நேரம் வலி மட்டும்தான்: எதிர்பார்ப்பதை மீறிய வலி, ஆசனவாய்ப் பக்கம் ஓர் அழுத்தம். மாணவியாக இருந்தபோதே இதைப் படித்துப் பரீட்சையில் எழுதியவள் நான். பாடப்புத்தகத்தில் இருக்கும் வார்த்தைகளை அந்தப் பெண் கிட்டத்தட்ட அப்படியே என்னிடம் சொல்லியிருக்கிறார். வலியை நம்பாவிட்டால் இந்த ஆபத்தை நேரத்தோடு கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டு ஓடினோம். இரண்டு லீட்டருக்கு மேல் இரத்தம் இழந்திருந்தார். பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் நாளில் மன்னிப்புக் கேட்கப் போனேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னார்: "நான் கத்தியிருந்தால் நீங்கள் வந்திருப்பீர்களா என்று யோசித்துப் பார்த்தேன். கத்தினால் ஆக்ரோஷமானவள் என்று எழுதுவீர்கள். அதனால்தான் மெதுவாகச் சொன்னேன்."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. சத்தம் போடும் கறுப்பினப் பெண்ணைப் பற்றிக் கடமை மாற்றத்தின்போது எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். "கொஞ்சம் கஷ்டமான ஆள், கவனம்" என்பார்கள். சத்தம் போடாதவரைப் பற்றி "நல்லாச் சமாளிக்கிறா" என்பார்கள். இரண்டில் எது நடந்தாலும் வலி குறிப்பில் ஏறாது.

பிரித்தானியாவில் பேறுகாலத்திலும் அதற்குப் பின்னரும் நிகழும் தாய்மார் மரணங்களை எம்பிரேஸ் என்ற ஆய்வுக் குழு தொடர்ந்து ஆராய்கிறது. அதன் 2018 அறிக்கையில்தான் அந்த எண் வெளியே வந்தது: வெள்ளையினப் பெண்களோடு ஒப்பிட்டால் கறுப்பினப் பெண்கள் இறக்கும் வீதம் ஐந்து மடங்கு, ஆசியப் பெண்களுக்கு இரண்டு மடங்கு. அந்த ஐந்தையே பெயராக வைத்து, 2019இல் இரண்டு கறுப்பினத் தாய்மார் 'ஃபைவ் எக்ஸ் மோர்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். 2020 முதல் 2022 வரையான கணக்கில் இடைவெளி ஏறக்குறைய மூன்று மடங்காகக் குறைந்திருந்தது. இறந்தவர்களின் மொத்தத் தொகை சிறியதுதான், பிள்ளை பெற்ற லட்சம் பேருக்குச் சுமார் 13. ஆனால் என் நோயாளி இந்தக் கணக்கில் வரமாட்டார். அவர் உயிரோடு வீட்டுக்குப் போனவர். அவரைப் போல மயிரிழையில் தப்பியவர்கள் மரணக் கணக்கில் இல்லை.

பணமும் படிப்பும் இருந்தால் தப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். செரீனா வில்லியம்ஸ் 2017இல் பிள்ளை பெற்ற மறுநாள் மூச்சுத் திணறியபோது, தனக்கு முன்பே நுரையீரலில் குருதிக்கட்டி வந்த அனுபவம் இருந்ததால், ஸ்கேன் எடுங்கள் என்று தானே கேட்டார். உடனே கேட்டபடி நடக்கவில்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது கட்டிகள் இருந்தன. உலகமறிந்த ஒரு வீராங்கனையே தன் உடம்பைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

2016இல் அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் பாதிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிப்பானது என்பதுபோன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பினத்தவரின் வலியைக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். இதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் என் பெரியம்மா நினைவுக்கு வந்தார். நான் இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் சொன்னது: "கறுவல் சனம் திடமானதுகள், ரெண்டு முக்கில பெத்துப் போடுங்கள்." அன்று வீட்டில் யாரும் அதை மறுக்கவில்லை, நானும்தான். பிள்ளை வெள்ளையாகப் பிறக்க வேண்டும் என்று பாலில் குங்குமப்பூ போட்டுக் குடிக்கிற வீடு எங்களுடையது. அந்த 98 நாடியைப் பார்த்துவிட்டு நான் திரும்பி நடந்தபோது, பெரியம்மாவின் சொல்லும் என்னோடு நடந்திருக்கும் என்றுதான் நம்புகிறேன். ஆசியர்களான எங்கள் பெண்களும் அந்த 2018 அறிக்கையில் இரண்டு மடங்கு என்று நின்றவர்கள். நாங்கள் அந்தச் சொல்லைக் கைவிட அது ஒன்றே போதாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தையல் தட்டில் நாங்கள் தினமும் தொடும் ஒரு கருவி, பிறப்புப் பாதையை விரித்துப் பார்க்க உதவும் சிம்ஸ் ஸ்பெகுலம். அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரியில் 1840களில் மாரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், நீண்ட பேற்றுவலியால் சிறுநீர்ப்பையில் துளை விழுந்த அடிமைப் பெண்களில் மயக்க மருந்தில்லாமல் அறுவை செய்து பழகினார். அனார்கா, பெட்சி, லூசி என்ற மூன்று பெயர்கள் மட்டும் நமக்குத் தெரியும். அனார்கா என்ற பெண்ணுக்கு மட்டும் 30 தடவை. நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற சிம்ஸின் சிலையை 2018இல் அகற்றினார்கள். 2021இல் மாண்ட்கோமரியில் அந்த மூன்று பெண்களுக்குச் சிலை எழுந்தது. கருவியின் பெயர் இன்னும் மாறவில்லை. நான் பயிற்றுவிக்கும் மாணவிகளுக்கு அதைக் கையில் கொடுக்கும்போது இந்தப் பெயர்களையும் சொல்லிக் கொடுக்கிறேன்.

பிறந்த குழந்தையைப் பார்ப்பதிலும் இதே கதைதான். பிறந்தவுடன் குழந்தையின் நிலையை மதிப்பிட நாங்கள் போடும், 1950களில் வந்த அப்கார் புள்ளியில் நிறத்துக்கு ஓர் இடம் உண்டு. உடம்பு முழுக்க இளஞ்சிவப்பு என்றால் முழுப் புள்ளி. எத்தனையோ கறுப்பினக் குழந்தைகளுக்கு 'இளஞ்சிவப்பு' என்று நாங்கள் எழுதியிருக்கிறோம். உண்மையில் பார்க்க வேண்டியது உதடு, நாக்கு, பல் முரசு, உள்ளங்கை, உள்ளங்கால். மஞ்சட்காமாலையும் கறுத்த தோலில் கண்ணுக்குப் பிந்தித்தான் தெரியும், அதனால் கருவி வைத்து அளக்க வேண்டும். 2023இல் இனமும் சுகாதாரமும் பற்றி ஆராயும், பிரித்தானியப் பொதுச் சுகாதார சேவையான என்.எச்.எஸ்ஸின் அமைப்பொன்றும் இதைச் சுட்டிக்காட்டி மாற்றம் கேட்டது.

இப்போது நான் செய்வது சின்ன விஷயம். பெண் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே, மேற்கோள் குறிக்குள் எழுதுகிறேன். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுகிறேன். என் ஊகத்தைக் கீழே தனியாக எழுதுகிறேன். ஆள் பற்றாக்குறை இதனால் தீராது. தென்கிழக்கு லண்டனின் பெக்கமில் 1997 முதல் 2009 வரை இயங்கிய அல்பனி மருத்துவச்சிகளைப் போல, கருவுற்ற நாள் முதல் தெரிந்த ஒரே ஆள் பிரசவத்திலும் கூட நின்றால் இதெல்லாம் எவ்வளவோ சுலபம். அந்தப் பெண்ணின் மெல்லிய குரல் எப்போது வழக்கத்துக்கு மாறானது என்று தெரிந்திருக்கும். நானோ அவரை அந்த இரவில்தான் முதல் தடவை பார்த்தேன்.

போன மாதம் ஒரு மாணவி என்னோடு இருந்தார். சிசேரியன் முடிந்து இரண்டாம் நாளில் இருந்த ஒரு ஜமேக்கத் தாய், தோள்பட்டையில் வலிக்கிறது என்றார். மாணவி எழுதினார். வாசித்துக் காட்டு என்றேன். "தோளில் கொஞ்சம் வலிக்கிறது" என்று வாசித்தார்.

"கொஞ்சம் என்று நான் சொல்லவில்லையே" என்றார் அந்தத் தாய்.

மாணவி அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, பக்கத்தில் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டார். நான் டொக்டரைக் கூப்பிடப் போனேன்.