பல்கலைக்கழகமும் வட்டார அடையாளமும்னு கட்டுரைத் தலைப்பு வந்தா எப்படி எழுதலாம்

யுபிஎஸ்சி மெயின்ஸ் கட்டுரைத் தாள தமிழ்ல எழுதப் போற தம்பி தங்கச்சிகளுக்குங்க இது. மூணு மணி நேரம், ரெண்டு கட்டுரை, ஒவ்வொண்ணும் 125 மார்க்கு. இந்த மாதிரி தலைப்புக்கு முக்காவாசிப் பேரு நாளந்தால ஆரம்பிச்சு வேற்றுமையில் ஒற்றுமைன்னு முடிச்சிருவாங்க, திருத்துறவருக்கு அதுல புதுசா ஒண்ணும் கிடைக்காது.

கோயமுத்தூர்ல ரூம் எடுத்துப் படிச்சப்ப நான் இதுக்குன்னு எடுத்து வெச்சது வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகம். 1948ல ஜமைக்கால மோனாங்கிற எடத்துல ஆரம்பிச்சது, அப்புறம் டிரினிடாட், பார்படாஸ்லயும் கேம்பஸ் வந்துச்சு. அந்தத் தீவுகள்லாம் சேர்ந்து 1958ல ஒரு கூட்டாட்சி அமைச்சாங்க, 1962லயே அது கலைஞ்சு போச்சு, ஆனா பல்கலைக்கழகம் மட்டும் கலையல, தனித்தனி நாடா ஆன பின்னாடியும் இன்னைக்கு வரைக்கும் பொதுவாத்தான் நடத்துறாங்க. 1968ல வால்டர் ராட்னிங்கிற கயானாக்கார விரிவுரையாளர ஜமைக்கா அரசு நாட்டுக்குள்ளயே விடலைங்க, உடனே கிங்ஸ்டன் ரோட்டுல ஊர்வலம் போனது மோனா ஸ்டூடன்ட்ஸ். வேற நாட்டு வாத்தியாருக்காக! ஐரோப்பால ஒரு நாட்டு ஸ்டூடன்ட்ஸ் இன்னொரு நாட்டுல போய்ப் படிக்க வழி செய்யற ஈராஸ்மஸ் திட்டம், 1987, அதுக்கு ஒரு வரி போதும்.

அப்புறம் நம்மூருக்கு வாங்க. 1982ல வந்த பாரதியார் பல்கலைக்கழகத்துக்குக் கீழ கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி. சேலம், நாமக்கல் 1997ல வந்த பெரியார் பல்கலைக்கழகத்துக்குக் கீழ. கொடுமுடிக்காரரும் காவிரிக்கு அக்கரை நாமக்கல்காரரும் பேசுறது ஒரே பேச்சு, ஆனா டிகிரி வேற வேற, அதனால எல்லை போட்டா மட்டும் அடையாளம் வந்துராதுன்னு இங்கயே சாட்சி இருக்குது. இணைப்புக் கல்லூரிக்கு தினமும் டவுன் பஸ்ல போய்ட்டு சாயந்திரம் ஊடு திரும்புற பையனுக்கு பல்கலைக்கழகம்னா மார்க்‌ஷீட்ல இருக்கற பேரு, அவ்வளவுதான்.

ஹாஸ்டல்ல தங்குறப்ப கதை வேறங்க. கொங்குன்னாலே ஒரு சாதின்னு நெனச்சு வளர்ந்த பையன், அருந்ததியர் வீட்டுப் பையனோட, நீலகிரி படகர் பையனோட ஒரே மெஸ்ல உக்காந்து சாப்பிட்டு ஒரே லேப்ல வேலை செஞ்சாத்தான் இந்த மண்ணு எல்லார்த்துக்கும்ங்கறது அவனுக்கு ஒறைக்கும், அது நடக்காத கேம்பஸ் பழைய வேலியத்தான் இன்னும் ஒசத்தும், இதை நான் முழுசா நம்புறேன். கட்டுரைல இந்த எதிர்ப்பக்கத்தையும் தைரியமா எழுதுங்க, அதையும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாம, கை வலிக்கறதுக்கு முன்னாடி நடுவுலயே எழுதிருங்க.