கசப்பு, துவர்ப்பு, காறல்: வீட்டு ஐபிஏ-வில் மூன்றையும் பிரித்துப் பார்த்தது

பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை நிறையப் போட்டால் பியர் கசக்கத்தான் செய்யும். அந்தக் கசப்பில் எனக்குப் புகாரில்லை. அமெரிக்காவின் போர்ட்லண்டில் வீட்டில் நான் காய்ச்சும் கலங்கல் வகை ஐபிஏ-வில் (ஹாப்ஸ் தூக்கலான பியர்) தொல்லை வேறு. முதல் வாயில் சிட்ரா, மொசைக் என்ற ஹாப்ஸ் வகைகள் பழமாய் மணக்கும். விழுங்கிய பிறகு அடித்தொண்டையில் ஏதோ பிடித்துக்கொண்டு விடாது. கேட்டவர்கள் எல்லாரும் சொன்ன வைத்தியம், கொதியில் போடும் ஹாப்ஸைக் குறை என்பது. குறைத்தேன். பியர் சப்பென்று இனித்தது, தொண்டைப் பிடிப்பு அப்படியே இருந்தது.

அப்போதுதான் அண்டாவில் கை வைப்பதை நிறுத்திவிட்டு, காய்ச்சி முடித்த பியரை கிளாஸில் வைத்தே சோதிக்க ஆரம்பித்தேன். ஒரே பியர், நான்கு கிளாஸ், ஒவ்வொன்றிலும் 100 மில்லி. முதல் கிளாஸ் அப்படியே. இரண்டாவதில் கால்சியம் குளோரைடு கரைசல் இரண்டு சொட்டு: உணவுத் தரத் தூள் 10 கிராமைக் கரைத்து 100 மில்லி ஆக்கியது, ஒரு சொட்டு விட்டால் குளோரைடு சுமார் 24 பிபிஎம் ஏறும். மூன்றாவதில் நீர்த்த லாக்டிக் அமிலம், பிஎச் 4.4-க்கு இறங்கும் வரை. நான்காவதை மட்டும் முன்கூட்டியே பாட்டிலில் பிடித்து, ஃபிரிட்ஜில் சில நாள் அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றினேன். எது எதுவென்று சொல்லாமல் மச்சானிடம் நீட்டினேன். அவருக்குக் காய்ச்சும் விவகாரம் எதுவும் தெரியாது. அதனாலேயே அவர் நாக்கை நம்புகிறேன்.

நான்காவது கிளாஸில்தான் பெரிய வித்தியாசம். தொண்டைப் பிடிப்பு பாதிக்கு மேல் போய்விட்டது. அப்படியானால் அது கசப்பே இல்லை, காறல். சரியாக வேகாத கருணைக்கிழங்கு தொண்டையை என்ன செய்யுமோ அதேதான். நொதித்த பிறகு போடும் ஹாப்ஸின் நுண்துகள்களும் இலையிலிருந்து இறங்கும், துவர்ப்பு தரும் பாலிஃபீனால்களும் பியரில் மிதந்துகொண்டே இருக்கின்றன. அவை அடியில் படிந்தால் காறலும் படிகிறது.

இதற்குச் செய்த மாற்றங்கள் இரண்டு. நொதித்த பிறகு போடும் ஹாப்ஸை முன்பு 20 லிட்டருக்கு 240 கிராம் போட்டுவந்தேன், அதாவது லிட்டருக்கு 12 கிராம். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாஃபோன்டெய்னும் ஷெல்ஹாமரும் காஸ்கேட் ஹாப்ஸை வைத்துச் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் மணம் அதற்கேற்ப ஏறுவதில்லை, பழ வாசனை போய் மூலிகை, தேயிலை வாசனை தலைதூக்குகிறது என்று கண்டார்கள். 150 கிராமாகக் குறைத்தேன். மணத்தில் குறை தெரியவில்லை. அடுத்தது, ஒரு வாரம் ஊறவிட்டதை இரண்டு நாளாக்கினேன். மண எண்ணெய்களில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே இறங்கிவிடும். அதற்கு மேல் ஊறினால் துவர்ப்புதான் மிச்சம். பிறகு 2 டிகிரியில் வைத்துப் படியவிட்டு, அடிவண்டலைக் கிளறாமல் கெக் எனும் உலோகப் பீப்பாய்க்கு மாற்றுகிறேன். இந்தப் படியவிடும் நாட்களில் அவசரப்படுபவர்கள்தான் அதிகம். தயவுசெய்து பொறுத்திருங்கள்.

மூன்றாவது கிளாஸ் எனக்கு ஆச்சரியம் தந்தது. ஹாப்ஸ் ஊறும்போது பியரின் பிஎச் ஏறுகிறது, என்னுடையது 4.7-ஐத் தொட்டிருந்தது. அந்த நிலையில் கசப்பு நாக்கில் தடித்துத் தங்குகிறது. 4.4-க்கு இறக்கியதும் அதே கசப்பு சட்டென்று வந்து சட்டென்று விலகியது. இப்போது அடுப்பை அணைத்ததும் வொர்ட்டின் (நொதிக்கும் முன் இருக்கும் மால்ட் சாறு) பிஎச்சை லாக்டிக் அமிலத்தால் 5.0-க்குக் கொண்டுவந்துவிடுகிறேன். முடிவில் 4.4, 4.5-இல் நிற்கிறது. பிஎச் மீட்டர் வாங்க யோசிப்பவர்களுக்கு: ஹாப்ஸ் வாங்கும் காசில் கொஞ்சம் பிடித்தாவது அதை முதலில் வாங்குங்கள்.

இரண்டாவது கிளாஸ், அதாவது தண்ணீரில் இருக்கும் உப்புகளின் விவகாரம். போர்ட்லண்டுக்கு புல் ரன் நீர்ப்பிடிப்பிலிருந்து வரும் தண்ணீர் மிகவும் மென்மையானது. உப்பு எதுவும் இல்லாத வெள்ளைத்தாள் மாதிரி. நாம் போடுவதுதான் கணக்கு. மேற்குக் கரை ஐபிஏ-வுக்கான பழைய குறிப்பில் 20 லிட்டருக்கு ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) 6 கிராம் என்றிருந்தது. சல்ஃபேட் 165 பிபிஎம்முக்கு மேல் போகும். சல்ஃபேட் கசப்பை வறட்சியாக, கூர்மையாக நிறுத்தும். அந்த வகை பியருக்கு அது அழகு, இதற்கு ஒத்துவராது. இப்போது ஜிப்சம் 2 கிராம், கால்சியம் குளோரைடு 5 கிராம். வாயில் ஒரு உருட்சி வந்துவிட்டது.

கடைசியாக, உண்மையான கொதிக் கசப்பு. கசப்புக்கு மூலமான ஆல்ஃபா அமிலம் 12% உள்ள சிட்ரா 30 கிராமை, 1.060 அடர்த்தியுள்ள 20 லிட்டர் வொர்ட்டில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால், கசப்பைக் கணிக்கும் டின்செத் சூத்திரப்படி 38 ஐபியூ (கசப்பை அளக்கும் அலகு). பத்து நிமிடம் மட்டும் என்றால் 14. ஆனால் அடுப்பை அணைத்தபின் போடும் ஹாப்ஸுக்கு அந்தச் சூத்திரம் பூஜ்யம் போடுகிறது, நாக்கு அப்படிப் போடுவதில்லை. 95 டிகிரியில் 100 கிராம் ஹாப்ஸ் அரைமணி நேரம் கிடந்தால் ஆல்ஃபா அமிலங்கள் கசப்பு வடிவத்துக்கு மாறிக்கொண்டேதான் இருக்கும். 80 டிகிரியில் அந்த மாற்றம் கொதிநிலையில் நடப்பதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வேகத்தில்தான் நடக்கும். அதனால் வொர்ட்டை முதலில் 78-க்குக் குளிரவைத்து, பிறகே ஹாப்ஸைக் கொட்டுகிறேன். கொதிக்கும்போது போடும் சிறு அளவை விட்டுவிடவில்லை. அது இல்லாமல் பியருக்கு முதுகெலும்பு இல்லை.

இன்னும் ஓரத்தில் கொஞ்சம் துவர்ப்பு இருக்கிறது. ஹாப்ஸிலுள்ள நொதிகள் மிச்ச மாவுச்சர்க்கரையை உடைத்து, இறுதி அடர்த்தியை 1.014-லிருந்து 1.011-க்கு இழுத்துவிடுவதால் பியர் வறண்டுபோவது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அடுத்த முறை, நொதித்த பிறகு ஹாப்ஸ் போடும் வெப்பநிலையை 14 டிகிரிக்கு இறக்கப்போகிறேன். கூடவே ஹாப்ஸில் பாதியை, இலைப் பகுதியைப் பெருமளவு நீக்கிய க்ரையோ வகையாக மாற்றி, அந்தப் பங்கின் எடையைப் பாதியாக்கிப் பார்க்க எண்ணம். சிட்ரா க்ரையோ பொட்டலம் ஃப்ரீசரில் தயாராக இருக்கிறது.