விளக்கு எரிகிறது, எண்ணெய் எங்கிருந்து?

இருட்டறையில் உட்கார்ந்து உயிருள்ள செல்களைப் பார்ப்பது 11 ஆண்டுகளாக என் வேலை. லேசரால் படம் பிடிக்கும் ஒரு கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப், அதைச் சுற்றி 37 டிகிரியில் ஒரு பெட்டி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. ஏசி குளிரில் நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருப்போம், செல்கள் கதகதப்பாக இருக்கும்.

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா நலமா என்று கேட்டுத்தான் பெரும்பாலானவர்கள் செல்கள் வளரும் டிஷ்ஷோடு வருவார்கள். அதற்கு நாங்கள் போடுவது டிஎம்ஆர்எம் என்ற சிவப்புச் சாயம். அது நேர்மின்னேற்றம் உடையது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறம் எதிர்மின்னாக இருப்பதால் தானாகவே உள்ளே போய்ச் சேர்ந்துவிடும். 61.5 மில்லிவோல்ட்டுக்குப் பத்து மடங்கு என்பது கணக்கு. 150 மில்லிவோல்ட் இருந்தால் உள்ளே சுமார் 275 மடங்கு சாயம் சேர்ந்திருக்கும். இத்தனை மின்னழுத்தத்தையும் தாங்கி நிற்பது சில நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு சவ்வு. சாயம் கூடினால் ஒளி கூடும், சவ்வு தளர்ந்தால் ஒளி குறையும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

முதல் வருடம் 20 நானோமோலார் போட வேண்டிய இடத்தில் 200 போட்டுவிட்டேன். அவ்வளவு நெருக்கத்தில் சாய மூலக்கூறுகள் ஒன்றின் ஒளியை ஒன்று அமுக்கிவிடும். சவ்வு உடைந்து சாயம் வெளியே சிந்தும்போது செல் மங்காது, பளிச்சென்று ஆகும். செத்துக்கொண்டிருந்த செல்களைப் பார்த்து ‘தேறுகிறது’ என்று நோட்டில் எழுதிவைத்தேன். அந்தப் பக்கத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை.

லேசரைக் கற்றுக்கொள்ளத்தான் அதிக நாள் பிடித்தது. மருந்து கொடுத்த செல்களில் நீள நீளமான மைட்டோகாண்ட்ரியா பத்து நிமிடத்தில் மணிமணியாக உடைவதைப் படம் பிடித்தோம். மருந்தின் வேலைதான் என்று நம்பினோம். பிறகு மருந்தே படாத டிஷ்ஷை அதே ஒளியில் வைத்துப் பார்த்தால், அதுவும் உடைந்தது. சாயம் லேசர் ஒளியை வாங்கி, இருக்கும் இடத்திலேயே ஆக்சிஜனை நச்சாக்குகிறது. அந்த இடமோ மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளேயே. நாம் பார்ப்பதே அதைக் கொல்லும். இப்போது லேசரை 1 சதவீதத்துக்கு மேல் ஏற்ற யாரையும் விடுவதில்லை. படம் சொரசொரப்பாக இருக்கிறது என்று குறைப்படுவார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அழகான படத்துக்காக ஆராய்ச்சியைப் பலி கொடுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு நோயாளியின் தோல் செல்களைப் பற்றி. தசைத் தளர்ச்சி உள்ளவர், மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள புரத வரிசையான மூச்சுச் சங்கிலியின் முதல் கண்ணியான காம்ப்ளெக்ஸ் ஒன்றில் குறை என்று மரபணுச் சோதனை சொல்லியிருந்தது. எங்களுக்கு வந்ததோ ஒரு எண் எழுதிய குப்பி மட்டும். ஆள் யார், எந்த ஊர், எதுவும் தெரியாது. சாயம் போட்டோம். அருமையாக ஒளிர்ந்தன. நலமானவரின் செல்களுக்கு ஒரு துளியும் குறைவில்லை.

“அக்கா, நல்லாத்தானே இருக்கு? மரபணு ரிப்போர்ட்டுதான் தப்போ?” என்றாள் கூட இருந்த மாணவி.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்படியே எழுதி அனுப்பியிருப்பேன். ஒலிகோமைசின் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் ரிப்போர்ட் எழுதக் கூடாது என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் வைத்த பழக்கம் காப்பாற்றியது.

ஒலிகோமைசின் என்ன செய்யும் என்பதை என் ஊர்க் கதையோடுதான் சொல்ல வரும். எனக்குப் பொள்ளாச்சிப் பக்கம். மலைக்கு மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு. தேவைப்படும் நேரத்தில் மேலிருந்து விழும் தண்ணீர் மின்சாரம் தரும். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் அதே இயந்திரத்தைத் திருப்பி ஓட்டித் தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். மைட்டோகாண்ட்ரியாவில் மூச்சுச் சங்கிலி புரோட்டான்களை வெளியே ஏற்றிவைக்கிறது. அவை ஏடிபி சிந்தேஸ் என்ற புரத இயந்திரம் வழியாக உள்ளே இறங்கும்போது, செல்லின் எரிபொருளான ஏடிபி உண்டாகிறது. 1961இல் பீட்டர் மிட்செல் இதைச் சொன்னார், 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஏடிபி சிந்தேஸும் திரும்பி ஓடக்கூடியதுதான். ஏடிபியைச் செலவழித்துப் புரோட்டானை ஏற்றும். மேல் அணை நிறைந்திருப்பதை மட்டும் பார்த்துவிட்டு இந்த வருடம் நல்ல மழை என்று சொல்ல முடியுமா?

ஒலிகோமைசின் அந்த இயந்திரத்தைப் பூட்டிவிடும். நலமான செல்லில் புரோட்டான் இறங்கும் வழி அடைபடுவதால் ஒளி கொஞ்சம் ஏறும். எங்கள் கன்ட்ரோல் டிஷ்ஷில் ஏறியது. நோயாளியின் செல்களில் ஒளியின் அளவைக் காட்டும் கோடு முதலில் அசையவில்லை, பிறகு இறங்கத் தொடங்கியது, நின்று நின்று இறங்கியது. மாணவி எதுவும் பேசவில்லை. கடைசியில் எஃப்சிசிபி விட்டுச் சவ்வை முழுக்கத் தளர்த்தினோம். இரண்டு டிஷ்ஷும் இருண்டன. அதுதான் எங்கள் பூஜ்ஜியம்.

அந்தச் செல்கள் சர்க்கரையைப் புளிக்கவைத்துக் கிடைத்த ஏடிபியை மைட்டோகாண்ட்ரியாவுக்குக் கொடுத்து அதை நிமிர்த்தி வைத்திருந்தன. உழைக்க வேண்டியது உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. உறுதிப்படுத்த, குளுக்கோஸை எடுத்துவிட்டு கேலக்டோஸில் வளர்த்தோம். கேலக்டோஸிலிருந்து அந்தக் குறுக்கு வழியில் போதிய ஏடிபி வராது, மைட்டோகாண்ட்ரியா உழைத்தே ஆக வேண்டும். கன்ட்ரோல் செல்கள் மெதுவாகவாவது வளர்ந்தன. நோயாளியின் செல்கள் மூன்றாம் நாள் காலையில் டிஷ்ஷின் அடியை விட்டு மிதந்துகொண்டிருந்தன.

மைக்ரோஸ்கோப்பில் எத்தனையோ சாவைப் பார்த்தவள் நான். அன்று காலை மட்டும் அந்த டிஷ்ஷை உடனே ப்ளீச்சில் ஊற்ற மனம் வரவில்லை. யாரோ ஒருவர் எங்கோ படியேறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்குவது நினைவுக்கு வந்தது. அந்த மனிதரும் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருப்பார். ‘உனக்கென்ன, நல்லாத்தானே இருக்கே’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

ரிப்போர்ட்டில் இரண்டு வரி எழுதினேன். ஓய்வு நிலையில் ஒளி: இயல்பு. ஒலிகோமைசினுக்குப் பின்: சரிவு. இரண்டாவது வரியை மாணவி அடிக்கோடிட்டாள். மீதி செல்கள் இரண்டு குப்பிகளில் திரவ நைட்ரஜனில் இருக்கின்றன, மூடியில் அதே எண்ணோடு.